நெட்வொர்க் மாறியதும் காணாமல் போகும் மின்னஞ்சல்கள்

அலுவலகக் கணினியின் நெட்வொர்க் அமைப்பை மாற்றிய மறுநாள் காலை அவுட்லுக்கைத் திறந்தால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மின்னஞ்சல்களில் ஒன்றுகூட இருக்காது. புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி வெறும் சாளரம் வந்து நிற்கும். டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்களும் மறைந்திருக்கும். பெரும்பாலும் அந்த அஞ்சல்கள் அழிந்திருப்பதில்லை. ஹார்டு டிஸ்கில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திறப்பவர் வேறு ஆள் என்று கணினி நினைத்துக்கொள்கிறது.

புதுக்கோட்டை நகருக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திவான் சேஷையா சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒழுங்குபடுத்திய அந்த நகரில், ராஜ வீதிகளை அடுத்து எண்ணிட்ட வீதிகள் நான்கு திசையிலும் உண்டு. கீழ 2ஆம் வீதியும் இருக்கிறது, மேல 2ஆம் வீதியும் இருக்கிறது. திசையை விட்டுவிட்டு ‘2ஆம் வீதி’ என்று மட்டும் எழுதினால் தபால்காரர் எந்தப் பக்கம் போவார்? விண்டோஸிலும் பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருக்க முடியும். ஒவ்வொரு பயனருக்கும் ‘எஸ்ஐடி’ என்ற நீண்ட அடையாள எண்ணை அது உள்ளுக்குள் வைத்திருக்கிறது. திசையைச் சொல்வது அந்த எண்தான்.

ஐந்தாறு கணினிகள் உள்ள ஆடிட்டர் அலுவலகத்திலோ தனியார் பள்ளியிலோ அவை ‘ஒர்க்குரூப்’ முறையில் இணைந்திருக்கும். ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் பயனர் பட்டியல். அலுவலகம் வளர்ந்து சர்வர் வாங்கி, எல்லாக் கணினிகளையும் ஒரே ‘டொமைன்’ கீழ் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘அக்கவுன்ட்ஸ்’ என்ற பெயரில் முன்பு நுழைந்தவர் இன்றும் அதே பெயரில்தான் நுழைகிறார். ஆனால் இந்த ‘அக்கவுன்ட்ஸ்’ சர்வர் கொடுத்த புதுப் பயனர். அவருக்காக விண்டோஸ், சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டரை உருவாக்குகிறது. பழைய பெயர் அங்கே இருப்பதால், புதியதன் வாலில் டொமைன் பெயரை ஒட்டிவிடுகிறது. யூசர்ஸைத் திறந்து பார்த்து, இப்படி இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு ஃபோல்டர்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஐபி முகவரியோ டிஎன்எஸ்ஸோ தவறாகப் போயிருந்தால் அடையாளம் வேறு: புது அஞ்சல் வராது, போகாது, பழையவை வழக்கம்போலத் திறக்கும். ஆகவே பழையவையே காணோம் என்றால் கேபிளையும் மோடத்தையும் ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

மீட்பதற்கு எளிய வழி, பழைய ஆளாகவே மீண்டும் உள்ளே போவது. நுழைவுத் திரையில் ‘அதர் யூசர்’ என்பதைத் தேர்ந்து, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் இடப்பக்கம் சாய்ந்த கோடும் (பேக்ஸ்லாஷ்) இட்டு, பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு ‘இந்தக் கணினியிலேயே உள்ள பயனர்’ என்று பொருள். பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்துவிடும். இந்தச் சின்னப் புள்ளி தெரியாமல் கணினியையே ஃபார்மட் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மறைந்திருந்தது உண்மையிலேயே அழிந்துபோகும்.

உள்ளே போன பின் அஞ்சல் எந்த வகை ஃபைலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாப் முறையில் அஞ்சலை இறக்கி வைப்பவர்களுக்கு அது ‘பிஎஸ்டி’ ஃபைல். டாக்குமென்ட்ஸில் உள்ள அவுட்லுக் ஃபைல்ஸிலோ, மறைத்து வைக்கப்பட்ட ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளோ இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு அதை வெளி டிஸ்கில் நகலெடுத்து, புதுப் பயனராக நுழைந்து, கிளாசிக் அவுட்லுக்கின் ஃபைல் மெனு வழியே திறந்தால் போதும். ‘ஓஎஸ்டி’ ஃபைல் அப்படியல்ல. அது சர்வரில் உள்ளதன் நிழல்; உருவாக்கிய கணக்கைத் தவிர வேறு எதிலும் நேரடியாகத் திறக்காது. சர்வரில் அஞ்சல் இருந்தால் கணக்கைப் புதிதாகச் சேர்த்ததும் தானே இறங்கிவிடும். சர்வர் கணக்கு முடிந்துபோயிருந்தால், பழைய பயனராக இருக்கும்போதே பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். அவுட்லுக்குக்குப் பதிலாகத் தண்டர்பேர்டு வைத்திருப்பவர்கள் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் உள்ள அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக நகலெடுக்கலாம்.

பழைய பாஸ்வேர்டு மறந்துபோனால் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து அந்த ஃபோல்டரின் உரிமையை மாற்றிக்கொள்ளலாம். ‘அனுமதி இல்லை’ என்ற அறிவிப்பு அதன்பின் வராது. ஃபைல்களை விண்டோஸின் இஎஃப்எஸ் முறையில் பூட்டி வைத்தவர்களுக்கு மட்டும் இது உதவாது. அதற்காகப் பழைய பாஸ்வேர்டை அட்மினிஸ்ட்ரேட்டர் வலிந்து மாற்றினால் பூட்டின் சாவியே கைவிட்டுப் போகும். கோபத்தில் டொமைனிலிருந்து கணினியைக் கழற்றுவதும் ஆபத்து. உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கையில் இல்லாவிட்டால், அதன்பிறகு யாருமே நுழைய முடியாது.

சில சமயம் ‘தற்காலிக புரொஃபைல்’ என்ற எச்சரிக்கை வரும். அந்த நிலையில் எதையும் சேமிக்கக் கூடாது. வெளியேறியதும் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும்.

பிஎஸ்டியை வேறொரு கணினியில் வைத்து நெட்வொர்க் வழியே திறப்பது பல அலுவலகங்களின் பழக்கம். மைக்ரோசாஃப்ட் இதை ஆதரிப்பதில்லை. அந்தக் கணினியின் பெயரோ ஐபி எண்ணோ மாறினால் பாதை அறுந்துவிடும். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று மாறினாலும் பகிர்வு நின்றுபோகும். பழைய எக்ஸ்பி கணினியில் ஃபைல் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: 2017இல் வந்த 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10இல் எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை பெரும்பாலும் இயல்பாக இருப்பதில்லை. அதை மீண்டும் இயக்குவது பாதுகாப்புக்குக் கேடு. ஃபைலை பென்டிரைவில் எடுத்து வருவதே நல்லது.

எடுத்து வந்தது திறக்கவில்லை என்றால் அளவைப் பார்க்க வேண்டும். அவுட்லுக் 2002 வரையிலான பிஎஸ்டிக்கு 2 ஜிபி எல்லை. அதை எட்டியவை பழுதாகும். 2010 முதல் இயல்பான எல்லை 50 ஜிபி. ஆஃபீஸுடனேயே வரும் ஸ்கேன்பிஎஸ்டி கருவி பழுதைச் சரிசெய்யும். அதை நகலின் மீது மட்டுமே ஓட்ட வேண்டும். சிடியில் பதிந்து வைத்த ஃபைல் என்றால் ‘ரீட் ஒன்லி’ குறியை நீக்காமல் அவுட்லுக் ஏற்காது.

அஞ்சல்கள் எல்லாம் திரும்பி வந்தபின், பழைய தமிழ்க் கடிதங்கள் மட்டும் கிறுக்கலாகத் தெரியலாம். அது பழுதல்ல. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்பதற்கு முன், அலுவலகங்களில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. முன்பு பயன்பாட்டில் இருந்த அந்த எழுத்துருவைப் புதுக் கணினியில் நிறுவினாலோ, கடிதத்தை யூனிகோடு மாற்றியில் இட்டாலோ எழுத்து தெளிந்துவிடும்.