நிலக்கரியும் எரிவாயுவும் இன்றி வாழ முடியுமா?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இவற்றை விட்டுவிட்டு இன்றைய சமுதாயம் வாழ முடியுமா? விளக்கெரிக்கச் சூரியனும் காற்றும் கைகொடுக்கும். ஆனால் நாம் உண்ணும் சோறு?

வயலுக்கு இடும் யூரியா அம்மோனியாவிலிருந்து பிறக்கிறது. காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு இணைக்கும் வழியை 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை இயங்கியது. இதற்கான ஹைட்ரஜன் இன்றும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே கிடைக்கிறது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு இவ்வுரத்தை நம்பியிருக்கிறது.

மாற்றுவழி உண்டா? உண்டு. 1930களிலேயே நார்வேயின் வெமோர்க்கில், அருவி தந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, உரத்திற்கான ஹைட்ரஜனை எடுத்தார்கள். எரிவாயு மலிவாகக் கிடைத்ததும் அம்முறை பின்தங்கியது.

ஆனால் ஆயத்தமின்றி விட்டுவிடவும் முடியாது. இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது. சில மாதங்களிலேயே தடை விலக்கப்பட்டது. அடி விழுந்ததோ சிறு விவசாயிகளுக்கும் ஏழைகளுக்கும்.

ஆக, வாழ முடியும். அந்த மாற்றத்தின் செலவை யார் சுமப்பது என்பதே கேள்வி. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இம்மாற்றத்தைத் தாமதமின்றித் தொடங்கவும், செல்வந்த நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவவும் கேட்டார். பாரம் ஏழையின் தட்டில் விழாதிருக்க நாம் என்ன செய்கிறோம்? சிந்திப்போம்.