வேதாரண்யத்து உப்பு நிலம்

நமது செட்டிநாட்டார் பிரயாணத்துக்குச் சோம்பினவர்கள் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். காசியில் சத்திரம் கட்டினார்கள். ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் கப்பலேறினார்கள். இராமேசுவரம் அவர்களுக்கு அண்டைவீடு. ஆயினும் காரைக்குடியில் புறப்பட்டு ஒரே பகலில் போய்ச் சேரக்கூடிய வேதாரண்யத்தை முழுதும் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கோடிக்கரையில் முழுக்குப் போட்டு, மறைக்காட்டு ஈசனைத் தரிசித்து, அன்று மாலையே திரும்பிவிட்டவர்கள் பலர். கோயிலுக்குத் தெற்கே இரண்டு மைலுக்குள் கிடக்கும் உப்பு நிலத்தை எட்டிப் பார்த்தவர்களோ மிகச் சிலர். அந்த நிலத்தைப் பற்றியே நமது நேயர்களுக்கு இன்று எழுத விரும்புகிறோம்.

வழி இப்போது சுலபமாகிவிட்டது. மீட்டர் பாதை பெயர்க்கப்பட்டுப் பல வருஷங்கள் ரயிலில்லாமல் கிடந்த காரைக்குடி–திருவாரூர் மார்க்கம், 2018-ல் பட்டுக்கோட்டை வரையிலும் 2019-ல் திருவாரூர் வரையிலும் அகலப் பாதையாயிற்று. திருத்துறைப்பூண்டியில் இறங்கி வண்டி மாறினால், 2023 ஏப்ரல் 8-ந் தேதி மறுபடி திறக்கப்பட்ட 37 கிலோமீட்டர் கிளைப் பாதை ஒன்று உண்டு. அது முடியும் ஸ்டேஷனுக்கு அகஸ்தியம்பள்ளி என்று பெயர். ரயில் நிற்கும் அவ்விடத்துக்கு அருகில்தான் 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி தமிழ்நாடு உப்புச் சட்டத்தை மீறியது.

முதலில் நிலத்தைச் சொல்லுவோம். கோடிக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரையில் ஏறக்குறைய முப்பது மைல் நீளத்துக்கு ஒரே சதுப்பு. அதற்கும் பாக் நீரிணைக்கும் நடுவே மணல்மேடு ஒன்று வரப்புப்போல் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை பெய்யும்போது காவேரியின் கடைமடை ஆறுகளின் வெள்ளம் இதில் வந்து தேங்கும். கடல்நீரும் முகத்துவாரங்களின் வழியே உட்புகும். அப்போது அது ஒரு பெரிய ஏரி; முழங்கால் அளவுதான் ஆழம். பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏற நீர் வற்றி, சேற்றின் மேல் வெண்ணிறமாகப் பொருக்குக் கட்டுகிறது. மனிதன் கை வைக்காமல், பாத்தி கட்டாமல், தானே விளையும் உப்பு அது. இந்த ஒன்றைத்தான் சர்க்காரால் சகிக்க முடியவில்லை.

ஏன் என்பதை வக்கீல் தொழில் பழகியவன் என்ற முறையில் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சென்னை ராஜதானியில் உப்பைக் கும்பினியார் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டது 1805-ல். பிறகு 1882-ம் வருஷத்து இந்திய உப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸில்லாமல் உப்புக் காய்ச்சுவது மட்டுமல்ல, இயற்கையாக விளைந்து கிடப்பதை அள்ளுவதுங்கூடக் குற்றமாயிற்று. கடவுள் விளைத்த உப்பை மிதித்து மண்ணோடு கலந்து அழிப்பதற்குச் சம்பளம் வாங்கும் சிப்பந்திகள் இருந்தார்கள். 1923-ல் இந்த வரியை மணங்கு ஒன்றுக்கு 1¼ ரூபாயிலிருந்து 2½ ரூபாயாக்கச் சட்டசபை மறுத்தபோது, வைஸ்ராய் ரீடிங் பிரபு தம் விசேஷ அதிகாரத்தால் அதை விதித்தார். மறு வருஷம் பழைய விகிதத்துக்கு இறக்க நேர்ந்தது. கஞ்சிக்கு உப்பில்லாமல் முடியாத கூலிக்காரனும், பல நூறு காணி மிராசுதாரும் ஒரே அளவாகக் கொடுத்த வரி அது. காந்தியடிகள் இதைத் தேர்ந்தெடுத்தபோது நகைத்த படிப்பாளிகள் உண்டு; அவர்களில் காங்கிரஸ்காரர்களும் உண்டு.

தண்டி யாத்திரை 1930 மார்ச் 12-ல் தொடங்கி ஏப்ரல் 6-ல் முடிந்தது. தமிழ்நாட்டில் அதே காரியத்தைச் செய்ய ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் வீட்டிலிருந்து ஏப்ரல் 13-ந் தேதி புறப்பட்டார். வருஷப் பிறப்பும் ஜாலியன்வாலாபாக் தினமும் கூடிய நாள் அது. அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கூடச் சென்ற தொண்டர்கள் நூறு பேர் போல. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இதற்கென்றே பாட்டு எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நூற்றைம்பது மைல். 28-ந் தேதி வேதாரண்யம்.

இந்தப் பாதையில் நடந்த யுத்தம் உப்புக்காக அல்ல, சோற்றுக்காக என்றே சொல்ல வேண்டும். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை, தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று கிராமந்தோறும் தண்டோராப் போட்டார். அதற்கு அவர் கையில் எடுத்தது இந்தியன் பீனல் கோடின் 157-ம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்தில் சேருவதற்காக அமர்த்தப்பட்டவர்கள் என்று தெரிந்தே ஒருவருக்கு இடங்கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது அப்பிரிவு. கூலிக்கு அடியாட்களைத் திரட்டி வைக்கும் மனிதனை எண்ணி வகுத்த விதி அது. தெருவில் பஜனை பாடிக்கொண்டு போகும் மனிதனுக்கு ஒரு பிடி சோறு போட்டவன்மேல் அதைத் திருப்பியது சட்டமன்று, சாமர்த்தியம். (2024 ஜூலை முதல் பீனல் கோடு மாறிவிட்டது. அந்தக் குற்றம் மட்டும் புதிய சம்ஹிதையில் வேறு எண்ணோடு இருந்துகொண்டுதான் இருக்கிறது. நேயர்கள் இதைக் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.)

ஜனங்கள் என்ன செய்தார்கள்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் பகிரங்கமாகவே தம் வீட்டில் விருந்திட்டு, ஆறு மாதம் சிறை சென்றார். அத்தனை தைரியமில்லாத குடியானவர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்று மணலில் புதைத்து அடையாளம் வைத்தார்கள். மரத்துக்கு எந்தப் பிரிவின் கீழ் ஸம்மன் அனுப்புவது?

30-ந் தேதி விடியற்காலையில் ராஜாஜி பதினாறு தொண்டர்களுடன் அகஸ்தியம்பள்ளி உப்பு நிலத்துக்குப் போய் உப்பை அள்ளினார், கைதானார், ஆறு மாதக் கடுங்காவல் பெற்றுத் திருச்சிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். அடுத்தடுத்து அணியணியாகத் தொண்டர்கள் போனார்கள். இப்போராட்டத்தில் ஸ்ரீமதி ருக்மிணி லட்சுமிபதி சிறை புகுந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் முதன்முதலாகச் சிறைப்பட்ட பெண்மணி அவரே. இத்தனைக்கும் இடமும் பொருளும் தந்த வேதரத்தினம் பிள்ளை தாமே உப்பளத்துக்குச் சொந்தக்காரர். சட்டம் ஒழுங்காக நடந்தால் லாபமடையக்கூடியவர். சிறையும் சென்றார், சொத்தும் பறிபோயிற்று. 'சர்தார்' என்று ஜனங்கள் அழைத்தது வெறும் உபசாரமன்று. பின்னர் 1946-ல் அவர் ஸ்தாபித்த கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்பலாகாது.

ஆனால் நமது மனம் அதிகமாக நிற்பது வைரப்பன் என்ற நாவிதரிடம். போலீஸாருக்கு க்ஷவரம் செய்வதில்லை என்று அந்த ஊர் நாவிதர்கள் சபதம் செய்திருந்தார்கள். சாதாரண உடையில் வந்த ஒருவருக்குப் பாதி முகம் மழித்த பின்பு அவர் போலீஸ்காரரென்று தெரிந்ததும் வைரப்பன் கத்தியை மடித்து வைத்து எழுந்துவிட்டாராம். மாஜிஸ்திரேட், மீதியையும் முடி என்று உத்தரவிட்டதற்கு, வேண்டுமானால் தாங்களே முடியுங்கள் என்றார் என்பது ஊரார் சொல்லும் கதை. ஆறு மாதம் கிடைத்தது. உப்பு அள்ளியவர்களுக்குப் பின்னால் ஒரு மகாசபை இருந்தது. அந்த மனிதருக்குப் பின்னால் இருந்தது ஒரு கத்தியும் ஒரு வாக்குந்தான்.

1931 மார்ச் 5-ந் தேதி காந்தி–இர்வின் உடன்படிக்கை கடற்கரைக் கிராமத்தார் தங்கள் உபயோகத்துக்கு உப்பு எடுக்க அனுமதித்தது. வரி முழுதும் ஒழிந்தது 1947 ஏப்ரலில். அகஸ்தியம்பள்ளியில் நினைவு ஸ்தூபி நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30-ல் அங்கே கூடி உப்பெடுத்துக் கலைகிறோம்.

கலைந்த பிறகு அங்கே நிற்பவர்கள் யார் என்பதே நமது கேள்வி. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான். சேர்த்த நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் சுண்ட வைக்கிறார்கள். முதலில் ஜிப்ஸம் கீழே படியும். கடல்நீர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக வற்றும்போது உப்பு மணி கட்டும். அதையும் கடந்து வற்றவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துபோகும். ஆகவே அந்தக் கழிவு நீரை வேளையறிந்து வடித்துவிட வேண்டும். இந்த வேளையைக் கண்ணாலும் விரலாலும் அறிபவர்கள் அங்குள்ள ஆண்களும் பெண்களுமே. வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி எழும் வெயில் கண்ணை அறுக்கிறது. உப்பு நீர் காலைத் தின்கிறது. கண்ணுக்கெட்டிய வரையில் ஒரு மரமில்லை. மழை பிறந்தால் வேலையில்லை. அந்த மாதங்களுக்கென்று 2022 முதல் மாகாண சர்க்கார் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. நல்லதுதான், ஆனால் மூன்று மாதத்துக்கு அது எத்தனை நாள் காணும் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்கள் கணக்கிடட்டும். 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயல் பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போனது வேறு. அயோடின் சேராத உப்பை உண்பதற்கென விற்கலாகாது என்று 2006 முதல் சட்டம். கழலை நோயைத் தடுக்கும் அந்த நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால் இயந்திரம் வைக்க முடியாத சிறு உற்பத்தியாளன் தன் உப்பைப் பெரிய முதலாளியின் வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியவனாகிறான். அந்த இயந்திரத்தைக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் வைத்துக் கொடுப்பது எந்தச் சர்க்காருக்கும் ஆகாத காரியமல்ல.

கோடிக்கரை அங்கிருந்து சில மைல். காட்டில் வெளிமான்கள் மேய்கின்றன. மழைக்குப் பின் வரும் பூநாரைகளைச் சதுப்பில் பார்க்கலாம். 1967-ல் சரணாலயமாகி, 2002-ல் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் ஏறிய இடம் இது. ஆயினும் சதுப்பு சிறிது சிறிதாகப் பாத்தியாக மாறி வருவதையும், பறவைகள் பழைய கணக்கில் இல்லையென்பதையும் அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். உப்புக்கு இடம் வேண்டும், பறவைக்கும் இடம் வேண்டும். கரை எங்கே என்று அளந்து கல் நாட்டுகிறவர்தான் இல்லை. காட்டுக்குள் ராமர் பாதம் என்ற சிறு மேடு உண்டு. இந்தச் சமவெளியில் அதுவே மலை! 'பொன்னியின் செல்வ'னில் கல்கி காட்டிய கலங்கரை விளக்கத்தைத் தேடிக்கொண்டு இளைஞர்கள் இங்கே வருகிறார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட அந்தச் செங்கல் கோபுரத்தில் எஞ்சி நின்றதை 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை சாய்த்துவிட்டது. அதற்கு முன்பே பல வருஷங்கள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தை, மாசியில் போகிறவர்களுக்கு நீரும் பறவைகளும் கிடைக்கும். உப்பைப் பார்க்க வேண்டுமானால் சித்திரையில் போக வேண்டும். அப்படிப் போகிறவர்கள் குடையும் குடிதண்ணீரும் கையோடு எடுத்துச் செல்லட்டும். உப்பளத்தில் ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது.