சன் பணிநிலையங்களில் இரண்டாவது திரை

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பல ஸ்பார்க் பணிநிலையங்களில் இரண்டு வரைகலை அட்டைகளைப் பொருத்தி, ஒரே விசைப்பலகையுடனும் சுட்டியுடனும் இரு திரைகளைப் பயன்படுத்தலாம். இரண்டாவது திரை இருண்டு கிடந்தால் அட்டை பழுது என்று எளிதில் முடிவுகட்டி விடுகிறோம். நல்ல அட்டையைக் கழற்றி எறியும் முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

புதிதாகச் செருகிய அட்டையைச் சோலாரிஸ் இயங்குதளம் தானாக அறிந்துகொள்ளாமல் இருக்கலாம். ஓப்பன்பூட்டில் 'பூட் -ஆர்' என்று கட்டளையிட்டுத் தொடங்கினால் அதற்கான சாதனக் கோப்பு உருவாகும். 'டெவ்' கோப்புறையில் எஃப்பி0, எஃப்பி1 இரண்டும் தெரிந்தால் இயங்குதளம் அட்டைகளைக் கண்டுகொண்டது என்று பொருள்.

ஆனால் எக்ஸ்சன் என்னும் எக்ஸ் வழங்கி, சொல்லாவிட்டால் ஒரே அட்டையைத்தான் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்சர்வர்ஸ் கோப்பில் அதைத் தொடங்கும் வரியில் ஒவ்வோர் அட்டைக்கும் '-டெவ்' எனக் குறிப்பிட வேண்டும். முதலில் எழுதியது 0ஆம் திரை. அது இடப்பக்கம் இருப்பதாகக் கொள்ளப்படும். மேசையில் திரைகள் மாறியிருந்தால் சுட்டி தவறான ஓரத்தில் தாண்டும். இது பழுதன்று.

வெறும் பின்னணி மட்டும் தெரியும் திரையும் பழுதானதன்று! ஒரு திரையில் திறந்த சாளரத்தை மற்றதற்கு இழுக்க முடியாது. டிஸ்பிளே மாறியை :0.1 என அமைத்தபின் நிரலைத் தொடங்கினால் அது அங்கே திறக்கும்.

சினெராமா நீட்சி இரு திரைகளையும் ஒன்றாக்கும். ஆனால் 8 பிட் ஜிஎக்ஸ் அட்டையும் 24 பிட் கிரியேட்டர் அட்டையும் கலந்திருந்தால் தனித்தனித் திரைகளாக வைத்துக்கொள்வதே நல்லது.