வழி சொல்லும் நாலு பேர்

ஊரிலே நாலு பேரிடம் வழி கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒருவர், "இதோ, கூப்பிடு தூரம்தான்" என்பார். நடந்து பார்த்தால் இரண்டு மைல் இருக்கும். இன்னொருவர் தமக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வராமல், ஏதோ ஒரு திசையில் கையை நீட்டி விடுவார். அந்த நாலு பேரும் இப்பொழுது நம்முடைய கைப்பைக்குள்ளேயே குடி வந்து விட்டார்கள். கைப்பேசியில் காசு கொடுக்காமலே ஏற்றிக் கொள்ளக் கூடிய வரைபடச் செயலிகளைத்தான் சொல்கிறோம்.

இதனால் பெண்களுக்குக் கிடைத்திருக்கும் லாபம் சாமான்யமானதல்ல. பெரம்பூரில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், தாம்பரத்தில் ஒரு கல்யாணத்திற்குப் போக வேண்டும் என்றால், "துணைக்கு யார் வருவார்கள்?" என்று வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்த காலம் ஒன்று உண்டல்லவா? வழி தெரிந்தவளுக்குத் துணை அவசியமில்லை. ஆனால் வழி சொல்கிறவரின் குணம் தெரிய வேண்டும். யார் எதில் கெட்டிக்காரர், எதில் கோட்டை விடுவார் என்று பார்ப்போம்.

இருக்கும் இடம் தெரிவது எப்படி?

பூமியை அளப்பது நம் சென்னைக்குப் புதிய விஷயமல்ல. 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பரங்கிமலைப் பக்கத்தில்தான் வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் சங்கிலியைப் போட்டுத் தரையை அளக்க ஆரம்பித்தார். இந்தியா முழுவதையும் அளந்து முடித்த பெரிய காரியத்திற்கு அதுவே அடிக்கோடு. இப்பொழுது சங்கிலி இல்லை. சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் சமிக்ஞைகளைக் கைப்பேசி பெறுகிறது. குறைந்தது நாலு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லி விடும்.

இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. வரைபடத்தின் படத்தை வரவழைக்கத்தான் அது வேண்டும். ஆகையால் வீட்டிலிருக்கும்போதே ஊர்ப் படத்தை இறக்கி வைத்துக் கொண்டால், வழியில் இன்டர்நெட் அறுந்து போனாலும் திகைக்க வேண்டியதில்லை.

முதலாமவர்: கூகிள் மேப்ஸ்

2005-ல் வந்தவர். ஊர் வம்பெல்லாம் அறிந்தவர். எந்தத் தெருவில் நெரிசல், எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும், எந்தப் பஸ் எங்கே போகும் என்று எல்லாம் சொல்வார்; தமிழிலேயே பேசுவார். சாலையில் போகிற ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் நகரும் வேகத்தைப் பார்த்துத்தான் நெரிசலைக் கண்டு பிடிக்கிறார். நாம் எங்கே போகிறோம் என்பதை மகளோ, தங்கையோ வீட்டிலிருந்தே பார்த்துக் கொண்டிருக்கும் வசதி 2017-ல் இவரிடம் வந்தது. இருட்டிய பிறகு ஆட்டோவில் தனியாக வருகிறவர்களுக்கு இது பெரிய தைரியம். குறை என்னவென்றால், படத்தை இறக்கி வைத்தாலும் இன்டர்நெட் இல்லாத இடத்தில் கார் போகும் வழியைத்தான் சொல்வார். நடந்து போகிற வழியையும் பஸ் வழியையும் சொல்ல மாட்டார்.

இரண்டாமவர்: மேப்பிள்ஸ்

சுதேசிக்காரர். ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா என்ற தம்பதி 1995-ல் தொடங்கிய மேப்மைஇந்தியா கம்பெனியின் செயலி இது. மேம்பாலத்தில் ஏறுவதா, கீழே போவதா என்று தடுமாறும் இடத்தில், அந்தச் சந்திப்பைப் படமாகவே போட்டுக் காட்டும். வேகத்தடை வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் இதை விரும்புவார்கள். நீண்ட விலாசத்திற்குப் பதிலாக ஆறே எழுத்துக்களில் ஒரு குறியீடும் கொடுக்கிறது. அதை வருகிற விருந்தாளிக்கு அனுப்பினால் போதும். ஆனால் சின்னக் கடைகளையும் அவற்றைப் பற்றிய ஜனங்களின் அபிப்பிராயங்களையும் தேடினால், முதலாமவரிடம் உள்ள அளவுக்கு இங்கே கிடைக்காது.

மூன்றாமவர்: ஆர்கானிக் மேப்ஸ்

அதிகம் பேசாதவர், ஆபத்துக்கு உதவுகிறவர். 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தை வைத்து 2021-ல் உருவானது. அந்த வரைபடம் உலகெங்கும் உள்ள தொண்டர்கள் சேர்ந்து போடுவது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுஜனங்கள் குறித்து வைத்ததும் அதன் மேல்தான். இந்தச் செயலியில் விளம்பரம் கிடையாது. நீங்கள் எங்கே போனீர்கள் என்று கணக்கு எழுதி வைப்பதும் கிடையாது. படத்தை இறக்கி வைத்து விட்டால், இன்டர்நெட் இல்லாமலே நடைவழியும் சொல்லும். நெரிசல் மட்டும் இதற்குத் தெரியாது.

நாலாமவர்: ஜஸ்ட் டயல்

இவர் தரகர் ஜாதி. வி.எஸ்.எஸ். மணி 1996-ல் டெலிபோன் மூலம் விவரம் சொல்லும் சேவையாகத் தொடங்கியது இது. குழாய் ரிப்பேர்காரர், சமையல்காரர், வாடகைப் பாத்திரக் கடை என்று தேட வசதியானது. ஆனால் நம்முடைய நம்பரைக் கொடுத்து ஒரு விசாரணை செய்தால், அது பல வியாபாரிகளுக்குப் போய்ச் சேரும். அவர்கள் வரிசையாகக் கூப்பிடத் தொடங்குவார்கள். அத்தனை பேரிடமும் பேரம் பேசப் பொறுமை உள்ளவர்களுக்கு லாபம்தான்.

நம்பலாம், கண்ணை மூடிக் கொண்டல்ல

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம் ஒரு துயரம் நடந்தது. வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக் கொண்டு போன பாலத்தின் மேல், வரைபடம் காட்டிய வழியே போனதாகச் சொல்லப்படும் ஒரு கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் மாண்டார்கள். சாலையில் குறுக்கே தடை கூட இல்லை என்று பேச்சு எழுந்தது. பாலம் இருந்த காலத்தை மட்டுமே அறிந்த படம், அது போன செய்தியை அறியவில்லை. இருட்டிலும் மழையிலும் திரையைக் காட்டிலும் கண்ணையே நம்ப வேண்டும்.

இன்னொரு ஆபத்து பணப்பையைச் சேர்ந்தது. வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்பதால், பாங்கியின் பெயருக்குப் பக்கத்தில் மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரைப் போட்டு வைப்பதுண்டு. பாங்கியின் நம்பரைப் பாஸ் புத்தகத்திலிருந்தோ, கார்டின் பின்புறத்திலிருந்தோ எடுங்கள். ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். வழியில் பயம் தோன்றினால் 112.

"இலவசம்" என்பதற்கும் ஒரு விலை உண்டு. நீங்கள் போய் வந்த இடங்களின் விவரம்தான் அது. கூகிள் செயலியின் அமைப்புகளில் பழைய பிரயாணக் கணக்கை அழிக்கவும், நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. அதே போல, வீடு வந்து சேர்ந்ததும் பிறருக்குக் காட்டிக் கொண்டிருந்த இருப்பிடத்தை நிறுத்தி விடுங்கள்.

எதை வைத்துக் கொள்வது?

ஒன்று போதாது, நாலும் வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கூகிள், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு மேப்பிள்ஸ். இவற்றில் ஏதாவது ஒன்றுடன், இன்டர்நெட் கைவிடும் வேளைக்கு ஆர்கானிக் மேப்ஸையும் ஏற்றிக் கொள்வது உத்தமம். ஆள் தேடும்போது மட்டும் ஜஸ்ட் டயலிடம் போகலாம்.

கடைசி நூறடி தூரத்திற்கு இவர்கள் யாருமே போதாது. பழைய நம்பர், புதிய நம்பர் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவெண் உள்ள சென்னையில், அங்கே தெருமுனைப் பூக்காரியும் இஸ்திரிக்காரரும்தான் கதி. அவர்களிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பழகாதவர்கள் முதலில் தெரிந்த இடத்திற்கே ஒரு தரம் இதை வைத்துக் கொண்டு போய்ப் பாருங்கள். கோவிலுக்கோ, தாய் வீட்டுக்கோ. எந்த இடத்தில் சரியாகச் சொல்கிறது, எந்தச் சந்தில் தடுமாறுகிறது என்று உங்களுக்கே விளங்கி விடும். பிறகு தெரியாத இடத்திற்குத் தனியாகக் கிளம்பலாம்.