பழைய சரக்குக்குப் புதிய கிராக்கி

தா.பழூர் பகுதியில் மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்கள், சில்லறைக் கடை நண்பர்கள் கொடுத்தனுப்பும் சிட்டைகளில் சமீப காலமாக ஒரு மாற்றத்தைப் பார்த்து வருகிறோம். பருப்பு, எண்ணெய், பிஸ்கட்டுக்குக் கீழே கமர்கட்டு ஒரு டப்பா, தேன் மிட்டாய் ஒரு டப்பா, இலந்த வடை ஒரு கட்டு, பல்பொடி அரை டஜன் என்று எழுதி வருகிறது. சில வருடங்களுக்கு முன் இவை கேட்பாரற்றுக் கிடந்த சரக்குகள். இன்று சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கடை கடையாகத் தேடி வாங்குகிறார்கள். திருமண வரவேற்புகளில் பழைய மிட்டாய்களைக் கண்ணாடி ஜாடிகளில் அடுக்கி, அதற்கென்று ஒரு மேசையே போடுகிறார்கள். நகரங்களில் இந்த மிட்டாய்களுக்கென்றே தனிக் கடைகள் வந்துவிட்டன.

இதை வயதானவர்களின் ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். கையில் காசு உள்ளவர்கள். கிராக்கி வந்துவிட்டது. அது தெருமுனை மளிகைக் கடைக்கு வருமா, பெரிய அங்காடிக்குப் போகுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி. அதற்கு விடை காண, இந்தச் சரக்குகள் முதலில் ஏன் மறைந்தன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று இருந்தவை

1960களிலும் 70களிலும் நம் பகுதி திருச்சி மாவட்டத்தில், உடையார்பாளையம் தாலுகாவில் இருந்தது. மதனத்தூர் – நீலத்தநல்லூர் பாலம் அன்று கிடையாது. எதிர்க்கரையில் இருக்கும் கும்பகோணத்திலிருந்து லாரிச் சரக்கு வரவேண்டுமானால் அணைக்கரையைச் சுற்றித்தான் வரவேண்டும். வண்டிச் சத்தம் கொடுத்து மிட்டாய் வரவழைத்தால் கட்டுப்படி ஆகாது. ஆகவே மிட்டாயில் பாதி உள்ளூரிலேயே போட்டதுதான்.

வெல்லப் பாகில் தேங்காய்த் துருவலைக் கொட்டிக் கிளறி, பதம் வந்ததும் இறக்கி, சூடு தணியுமுன் கைக்கு நெய் தடவி உருட்டினால் கமர்கட்டு. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டால் தேன் மிட்டாய், பெயரில்தான் தேன். இலந்தைப் பழத்தோடு வெல்லம், மிளகாய், உப்பு சேர்த்து இடித்து, தட்டி, வெயிலில் காயவைத்தால் இலந்த வடை. எதற்கும் மிஷின் கிடையாது. வீட்டுத் திண்ணையே பட்டறை.

கம்பெனி மிட்டாய் என்றால் நெல்லிக்குப்பம் பாரி, சித்தூர் நியூட்ரின், பார்லேயின் பாப்பின்ஸ் ஆகியவை. வீட்டுச் சாமானில் கோபால் பல்பொடி, பயோரியா பல்பொடி, 1913ல் தொடங்கிய சத்வைத்யசாலாவின் நஞ்சன்கூடு பல்பொடி, செங்கல் போன்ற சிவப்பு லைஃப்பாய், நீளமாக வந்து கடையில் துண்டு போட்டு விற்ற 501 பார் சோப், வெள்ளை வேட்டிக்கு நீலப் பொடி, தலைக்குச் சீயக்காயும் அரப்பும், அரிக்கேன் விளக்குக்குத் திரியும் சிம்னியும். இவ்வளவும் ஒரே மளிகைக் கடையில் கிடைத்தன.

ஏன் மறைந்தன?

வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னதால் இவை போய்விட்டன எனப் பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் காரணங்கள் வேறு.

முதலாவது, சில்லறைக் காசு. குழந்தையின் கையில் இருந்த ஐந்து பைசாவும் பத்து பைசாவும்தான் மிட்டாய் வியாபாரத்தின் அஸ்திவாரம். விலைவாசி ஏற ஏற அந்தக் காசுகள் புழக்கத்திலிருந்து நழுவின. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30க்குப் பின் சட்டப்படியே செல்லாமல் போயின. அதற்கு வெகு முன்பே 50 பைசாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் ஏற்றபடி கம்பெனிகள் தாளில் சுற்றிய சாக்லேட்டைக் கொடுத்துவிட்டன. நாமும் பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக அதையே எடுத்து நீட்டினோம். வீட்டில் போட்ட கமர்கட்டை அப்படி நீட்ட முடியவில்லை.

இரண்டாவது, பாக்கெட். இந்தப் புரட்சி நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டினார்; வெல்வெட் ஷாம்பூ அந்த வழியில் வந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அதே 1983ல் திருச்சூரில் எம்.பி. ராமச்சந்திரன் உஜாலா சொட்டு நீலத்தைத் தொடங்கினார். சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளுக்கு முன்னால், எடை போட்டுப் பொட்டலம் கட்ட வேண்டிய சீயக்காயும், கட்டி தட்டிப் போகும் நீலப் பொடியும் நிற்க முடியவில்லை. கடைக்காரருக்கும் பாக்கெட்டில் வேலை மிச்சம்.

மூன்றாவது, கம்பெனிகள் கை மாறியது. 501, ஹமாம் சோப்புகளைச் செய்த டாடா எண்ணெய் ஆலை 1993ல் இந்துஸ்தான் லீவரோடு சேர்ந்தது. பாரி மிட்டாய்க் கம்பெனியைக் கொரியாவின் லாட்டே நிறுவனம் 2004ல் வாங்கியது. நியூட்ரின் 2006ல் கோத்ரெஜ் வசம் போனது. லைஃப்பாய் 2002ல் பழைய கார்பாலிக் வாசனையை விட்டுவிட்டது. பெயர் அதேதான், பழைய வாடிக்கையாளர் தேடுகிற வாசனை இல்லை.

நான்காவது, சிறு உற்பத்தியாளர் ஓய்ந்தது. நம் சுற்று வட்டாரத்தில் கமர்கட்டு போட்டு வந்த குடும்பங்களில் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். வெல்லமும் தேங்காயும் விலை ஏறின. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவும் உரிமமும் 2011 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தன. சட்டம் அவசியமானதே. ஆனால் பதிவு எண், தயாரித்த தேதி, முகவரி எல்லாம் அச்சிட வேண்டும் என்றதும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அடுப்பை அணைத்துவிட்டார்கள். துணைக்கு ஆள் இருந்திருந்தால் சிலராவது தொடர்ந்திருப்பார்கள்.

ஆக, வாங்குகிறவரின் நாக்கு மாறவில்லை. சரக்கு கடைக்கு வந்து சேரும் வழி அடைபட்டது. இதனால்தான் வழி திறந்தவுடன் கிராக்கி மறுபடி தலை காட்டுகிறது.

பெரிய கம்பெனிகள் கணக்குப் போட்டுவிட்டன

இந்த உண்மையை நமக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் பெருமுதலாளிகள். 1970களிலும் 80களிலும் பேர் வாங்கிய காம்பா கோலாவை ரிலையன்ஸ் 2022ல் வாங்கி, 2023ல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. மகாராஷ்டிரத்தின் பழைய மிட்டாய்க் கம்பெனியான ராவல்காவ்னிடமிருந்து பான் பசந்த் முதலான மிட்டாய்களின் பெயர்களையும் செய்முறைகளையும் 2024ல் 27 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆலையோ நிலமோ அதில் சேர்த்தி இல்லை. நம் கடலூர்ப் பக்கத்து வெல்வெட்டையும் 2025ல் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஒரு மிட்டாயின் பெயருக்கும் நினைவுக்கும் கோடிக்கணக்கில் விலை உண்டு என்பது இதிலிருந்து விளங்கும். அந்த நினைவு நம் கடை வாசலில் இலவசமாக நிற்கிறது. எந்த வீட்டுத் தாத்தாவுக்கு எந்தப் பல்பொடி பழக்கம் என்று நமக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது.

2017 காட்டிய வழி

வணிகர்கள் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. விருதுநகரில் 1916ல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவொன்டோவை ஒரு காலத்தில் தேடித்தான் வாங்க வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த பின், அந்நிய குளிர்பானங்களை மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பொவொன்டோவுக்குக் கிராக்கி எகிறியது. நாளாவட்டத்தில் அந்நிய பானங்கள் குளிர்பெட்டிக்குத் திரும்பியது உண்மை. ஆனாலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பொவொன்டோவின் ருசியை அறிந்துகொண்டார்கள். கண்ணில் படும்படி வைத்தால்தான் சரக்கு நகரும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் இன்னொரு வழியைக் காட்டுகிறது. கரிசல் மண் கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்தச் சரக்குக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணப்பாறை முறுக்கும் உடன்குடி பனங்கருப்பட்டியும் 2023ல் பெற்றன. ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டதால், எங்கோ செய்த கடலை மிட்டாயைக் கோவில்பட்டி என்று சொல்லி விற்பது இனி ஆபத்து. சீட்டைப் பார்த்து வாங்குங்கள்; உண்மையைச் சொல்லி விற்றாலே போதும்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

முதலில் நிறம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்ற துணிச் சாயம் கலந்திருப்பது தெரிந்து, தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிக்கும் சிவப்பிலும் ரோஸிலும் விலாசம் இல்லாத மிட்டாய் மலிவாக வந்தால் தொடாதீர்கள். சாப்பிடப் போவது பிள்ளைகள். வழக்கு வந்தால் கடை பெயரும் கெடும். தயாரித்தவர் பெயர், 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண், தேதி ஆகிய மூன்றும் இல்லாத சரக்கு எந்த விலைக்கும் வேண்டாம். பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்தது அளவு. ஒரு கணக்குப் பார்ப்போம். நூறு எண்ணம் உள்ள கமர்கட்டு டப்பாவை 150 ரூபாய்க்கு எடுத்து, ஒன்று 2 ரூபாய்க்கு விற்றால் 50 ரூபாய் நிற்கும். அதில் பதினைந்து இளகிக் கழிவாகப் போனால் நிற்பது 20 ரூபாய்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெல்லச் சரக்கு கசியும். கோடையில் கடலை மிட்டாய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே மலிவு என்று பத்து டப்பா அடுக்க வேண்டாம். ஒன்று தீரும் தறுவாயில் அடுத்ததை எடுங்கள். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடியில், குழந்தையின் கண் மட்டத்துக்கு வையுங்கள். எடுக்க இடுக்கி வையுங்கள்.

வரியும் இப்போது சாதகமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை மிட்டாய்க்கும் பல்பொடிக்கும் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகவும், குளியல் சோப்புக்கு 18லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. சர்க்கரை சேர்த்த கலர், சோடா வகைகளுக்கு மட்டும் 40 சதவீதச் சுமை அப்படியே இருக்கிறது. கோலி சோடாக்காரருக்கும் பன்னாட்டுக் கம்பெனிக்கும் ஒரே விகிதம் என்பது நம் சங்கங்கள் எடுத்துப் பேச வேண்டிய விஷயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஒன்றியத்திலும் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்திலும் வீட்டில் மிட்டாய், இலந்த வடை, சீயக்காய்த் தூள் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அறிந்த உறுப்பினர்கள் சங்கத்தில் தெரிவிக்கலாம். பதிவு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும், லேபிள் அச்சடிக்க வழி சொல்வதும் நமக்குப் பெரிய செலவில்லை. முந்திரியும் கரும்பும் விளைகிற மண் இது, சரக்குக்குக் குறைவில்லை. செய்யத் தெரிந்த கைகள் ஓய்வதற்குள் இதைச் செய்துவிட்டால், நம் வட்டாரத்து மிட்டாய் நம் கடை ஜாடியிலேயே விற்கும். தாமதித்தால் அதே மிட்டாயைப் பளபளப்பான உறையில், வேறொருவர் பெயரில், அவர் சொல்லும் கமிஷனுக்கு நாம் விற்றுக் கொடுக்க வேண்டியிருக்கும்.