குமைச்சலுக்கு அடியில் கிடக்கும் வழி

நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைவது மனச்சோர்வோடு ஒட்டி வரும் பழக்கம். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற கேள்வி சுழலும், பதில் வராது. கொடுமை என்னவென்றால், குமைகிறவருக்குத் தாம் வழி தேடிக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

இந்தப் பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா 1991இல் எழுதினார். 1995இல் அவரும் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வில், சோர்ந்திருந்த மாணவர்களில் சிலரை 8 நிமிடம் தம்மைப் பற்றியே நினைக்கச் செய்தார்கள்; மற்றவர்களின் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். பிறகு, நண்பர் ஒதுங்கிப்போவது போன்ற சிக்கல்களைக் கொடுத்து வழி கேட்டார்கள். தம்மையே நினைத்தவர்களின் தீர்வுகள் சோடையாக இருந்தன. கவனம் திரும்பியவர்களோ சோர்வில்லாதவர்களுக்கு ஈடாகச் சொன்னார்கள். திறன் தொலையவில்லை, குமைச்சலுக்கு அடியில் கிடந்தது. இதைவிடத் தெம்பான செய்தி இந்தத் துறையில் குறைவு.

புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் சுயஉதவிக் குழுத் தவணை கட்ட முடியாமல், குழுத் தலைவியோடு மனத்தாங்கலான ஒரு பெண்ணை வைத்துப் பார்க்கலாம். ‘ஊரே என்னைக் கேவலமா நினைக்குதே’ என்று ராத்திரியெல்லாம் புரண்டால், அடுத்த கூட்டத்துக்குப் போகக் கால் வராது. போகாததால் பேச்சு வளரும். ‘பாதியை இப்போ கட்டிடுறேன்க்கா, மீதியை அறுப்பு முடிஞ்சதும் தர்றேன்’ என்று யாரிடம், எப்போது சொல்வது என நினைத்தால் அது வழி. இரண்டுக்கும் கவலை ஒன்றுதான்; கேள்விதான் வேறு. ‘ஏன்’ என்பதை விட்டு ‘எப்படி’ என்று நுணுக்கமாக யோசிக்கும்போது மனச்சோர்வு நோயாளிகளின் தீர்வு காணும் திறன் கூடுவதை எட்வர்ட் வாட்கின்ஸ், மிஷல் மோல்ட்ஸ் ஆகியோர் 2005இல் காட்டினார்கள்.

குமைச்சலை விட்டு வழி தேடப் பழகுவது புதுச்சேரிக்கு அவசரமான விஷயம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இங்கு லட்சம் பேருக்கு 29.7 தற்கொலைகள், நாட்டின் சராசரி 12.4. நாடு முழுவதும் பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினையே முதலிடம். ஒவ்வொரு சாவுக்கும் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் உறவுச் சிக்கலில் வழி காண்பது கற்றுக்கொடுக்கக்கூடிய திறன்: சிக்கலைத் தெளிவாகச் சொல்வது, பல வழிகளை அடுக்குவது, ஒன்றைத் தேர்ந்து செய்து பார்ப்பது. இதற்கு மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் தந்த உளவியல் உதவி கடும் மனச்சோர்வைக் குறைத்ததாக 2017இல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது.

வில்லியனூரிலோ பாகூரிலோ இருப்பவர்கள் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.