விண்வெளியில் கரையும் எலும்பு

விண்வெளிப் பயணம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ராக்கெட்டின் உந்துவிசை, எரிபொருளின் அளவு, செலவாகும் கோடிகள் ஆகியவையே முன்னால் வந்து நிற்கின்றன. அந்த ராக்கெட்டின் உச்சியில் அமர்ந்து செல்லும் மனித உடல் அங்கே என்ன பாடுபடுகிறது என்பது கடைசிப் பத்திக்குத் தள்ளப்படும் செய்தியாகவே இருந்து வருகிறது. செவ்வாயில் மனிதர் கால்பதிக்கும் ஆண்டு இதோ, அதோ என்று அடுத்தடுத்து அறிவிக்கப்படும் இக்காலத்தில், பொறியியல் சிக்கல்களைவிடக் கடினமான தடை எலும்பிலும் இரத்தத்திலும் காத்திருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது.

பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பே இல்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் தரையில் உள்ள ஈர்ப்பில் சுமார் 90 விழுக்காடு அந்த உயரத்திலும் உண்டு. நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தவாறே பூமியை நோக்கி இடைவிடாமல் விழுந்துகொண்டும் இருப்பதால், அதன் சுவர்களும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகவே விழ, பாதத்தைத் தாங்கி எதிர்த்து அழுத்த எதுவும் இல்லாமல் போகிறது. இந்நிலையே நுண்ணீர்ப்பு, அதாவது எடை உணரப்படாத நிலை எனப்படுகிறது.

இந்த அழுத்தம் இல்லாமல் போவது எலும்பைப் பாதிக்கிறது. உயிருள்ள எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. உடலின் சுமை தொடர்ந்து விழும் வரைதான் இவ்விரண்டும் சமநிலையில் இருக்கும். சுமை நீங்கியதும் கரைப்பு முந்துகிறது. தகுந்த உடற்பயிற்சி இல்லாதபோது இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி இழக்கிறது. தரையில் வாழும் முதியவர் ஒருவருக்கு ஏறக்குறைய ஓராண்டில் நேரும் இழப்பு இது. கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் இறங்குவதால் சிறுநீரகக் கல் உருவாகும் அபாயமும் கூடுகிறது.

இதைத் தடுக்க வீரர்கள் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். தோளிலும் இடுப்பிலும் வார்ப்பட்டை பூட்டி, மீள்கயிறுகள் உடலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க, டிரெட்மில்லில் ஓடுகிறார்கள். இரும்புக் குண்டுக்கும் அங்கே எடை கிடையாது என்பதால், வெற்றிட உருளைகளின் எதிர்ப்புக்கு எதிராகத் தண்டை இழுத்துத் தசையை வருத்துகிறார்கள். நடக்கத் தேவையில்லாத பாதங்களில் நிகழும் மாற்றம் வியப்பூட்டுவது: உள்ளங்காலில் பல ஆண்டுகளாகத் தடித்திருந்த தோல் உரிந்து உதிர்ந்துவிட, நிலையாக நிற்பதற்காகக் கைப்பிடிக் கம்பிகளுக்கு அடியில் விரல்களை நுழைத்து நுழைத்துப் பாதத்தின் மேற்புறம் காய்த்துப் போகிறது. இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும், பூமிக்குத் திரும்பி ஓராண்டு கடந்த நிலையில் பலருக்குக் கணைக்கால் எலும்பு பழைய வலிமையை முழுமையாக எட்டவில்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

எலும்போடு இது முடிவதில்லை. தரையில் கால்களை நோக்கி இழுக்கப்படும் உடல்நீர் அங்கே மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடுவதால் முகம் உப்பிக் கால்கள் மெலிகின்றன. நெடுநாள் தங்கியவர் பலருக்குப் பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பதும், விழிக்கோளத்தின் பின்புறம் தட்டையாகியிருப்பதும், அருகில் உள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரிவதும் கண்டறியப்பட்டுள்ளன. இதை எதிர்பார்த்தே அவர்களுக்கு மாற்றுக் கண்ணாடிகள் கொடுத்தனுப்பப்படுகின்றன.

கழுத்து நாளங்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று அறிய நிலையத்தில் நடந்த ஓர் ஆய்வின்போது, எந்த நோய்க்குறியும் இல்லாத வீரர் ஒருவரின் நாளத்தில் இரத்தக்கட்டி இருப்பது மீயொலிப் படத்தில் தற்செயலாகத் தெரிந்தது. 2020-ல் மருத்துவ இதழ் ஒன்றில் இந்நிகழ்வு பதிவாயிற்று. தரையில் இருந்த மருத்துவர்கள் ஊசிமருந்தின் இருப்பைக் கணக்கிட்டு, அது தீர்ந்துவிடாதபடி அளவைக் குறைத்துக்கொடுத்து, அடுத்த சரக்குக் கலம் மாத்திரைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் வரை சமாளித்தார்கள். செவ்வாய்ப் பாதையில் அவ்வாறு எந்தக் கலமும் பின்னால் வராது. புறப்படுவதற்கு ஏற்ற வாய்ப்பு சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் அமைகிறது; பூமிக்கு ஒரு கேள்வி போய்ச் சேரவே, கோள்களின் இருப்பைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும்; பதில் வர அதே நேரம் மீண்டும் ஆகும்.

ஆறு மாதம் தங்கிவிட்டு வருபவர்களைக் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கும் கலத்திலிருந்து மீட்புக் குழுவினர் தூக்கியெடுத்து நாற்காலியில் அமர்த்துகிறார்கள். உட்செவியில் சமநிலையை உணர்த்தும் உறுப்புகள் ஈர்ப்பை மறந்திருப்பதால் தலையைத் திருப்பினாலே பலருக்குக் குமட்டுகிறது. ஆறு முதல் ஒன்பது மாதப் பயணத்துக்குப் பின் செவ்வாயில் இறங்குபவர்களைத் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது. அவர்களே விண்ணுடை அணிந்து, கதவைத் திறந்து, பழுது இருந்தால் பார்த்து, வாழிடத்தை இயக்கத் தொடங்க வேண்டும்.

இவை அனைத்திலும் கவலைக்குரியது, செவ்வாயின் ஈர்ப்பு மனிதருக்குப் போதுமா என்பதைச் சொல்லும் தரவு யாரிடமும் இல்லை என்பதே. அங்குள்ள ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 விழுக்காடு. முழு ஈர்ப்பைப் பற்றித் தரையிலும், எடையின்மையைப் பற்றிச் சுற்றுப்பாதையிலும் தரவுகள் குவிந்துள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஈர்ப்பில் வாழ்ந்தவர்கள் 1969 முதல் 1972 வரை நிலவில் இறங்கிய 12 பேர் மட்டுமே, அவர்களிலும் மிக நீண்ட நேரம் தங்கியவர்களுக்கு மூன்று நாள்தான் கிடைத்தது. எலும்புக் கரைப்பு 38 விழுக்காட்டில் நின்றுவிடுமா, பாதியாகக் குறையுமா, அப்படியே தொடருமா என்பதை அந்த மூன்று நாள்களைக் கொண்டு எவரும் சொல்லிவிட முடியாது. கருவுற்றல், குழந்தையின் வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றியோ இதைவிடக் குறைவாகவே தெரியும். ஆயினும் குடியேற்ற நகரங்களின் வண்ணப் படங்கள் வெளியாகிக்கொண்டே இருக்கின்றன.

விடை காணும் வழி தெரியாததன்று. சுழலும் அமைப்பில் வெளிநோக்கித் தள்ளப்படும் உணர்வையே ஈர்ப்புக்கு ஈடாகப் பயன்படுத்தலாம். சிறிய வளையம் வேகமாகச் சுழன்றால் தலை உணரும் அழுத்தம் ஒன்றாகவும் கால் உணர்வது வேறாகவும் இருப்பதோடு தலையும் சுற்றும் என்பதால் வளையம் பெரிதாக வேண்டும். நிமிடத்துக்கு இருமுறை சுழலும் அமைப்பில் செவ்வாயின் ஈர்ப்பைப் பெற மையத்திலிருந்து ஏறத்தாழ 85 மீட்டர் தொலைவு தேவை. மனிதருக்கு இதைக் கட்டுவது பெருஞ்செலவு என்பது உண்மை. ஆனால் சிறு விலங்குகளையும் செடிகளையும் வைத்துப் பார்ப்பதற்காக 2.5 மீட்டர் விட்டமுள்ள சுழலியோடு பன்னாட்டு நிலையத்துக்கென்றே உருவாகிவந்த ஆய்வகம்கூட 2005-ல் கைவிடப்பட்டது. பின்னர் அந்நிலையத்தில் சிறிய கருவிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், நிலவின் ஈர்ப்பு அளவில் எலிகளின் தசை மெலியாமல் காக்கப்பட்டாலும் தசை நார்களின் தன்மை மாறுவது நிற்கவில்லை. அறுபது நாள் தலை தாழ்ந்த நிலையில் படுக்கவைத்துத் தரையில் நடத்தப்படும் ஆய்வுகள் பயனுள்ளவை என்றாலும், படுக்கையால் ஈர்ப்பைக் குறைக்க முடியாது.

ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து தங்கியவர்கள் நலமாக நடமாடுகிறார்களே, உடல் பழகிக்கொள்ளும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அவ்வாறு நலமடைந்தவர்கள் அனைவரும் முழு ஈர்ப்புள்ள பூமிக்கு, மருத்துவர்கள் சூழத் திரும்பியவர்கள்.

இந்தியாவின் ககன்யான் திட்டம் மூன்று நாள் பயணமாக வகுக்கப்பட்டுள்ளதால் எலும்புச் சிக்கல் அதில் பெரிதாக எழாது. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்ற இலக்குகளோ வேறு வகையானவை. மனிதரை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டின் இயந்திரங்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் எத்தனையோ முறை எரியூட்டிச் சோதிக்கப்பட்டன. ஒரு வால்வு ஐயத்துக்கு இடமளித்தாலும் அது விண்ணுக்குப் போகாது. பயணியின் எலும்புக்கும் அதே அளவு சோதனை தேவை. 2025-ல் பன்னாட்டு நிலையத்துக்குச் சென்ற இந்திய விமானப்படை அதிகாரி தசைச் செல்களைப் பற்றிய ஆய்வை மேற்கொண்டது நல்ல தொடக்கம். இந்திய நிலையத்தின் பெரும்பகுதி இன்னும் வரைபடத்தில் இருக்கும்போதே, எலிகளையாவது 38 விழுக்காட்டு ஈர்ப்பில் மாதக்கணக்கில் வளர்த்துப் பார்க்கும் சுழலி ஒன்றுக்கு அதில் இடம் ஒதுக்கிவிடுவது, கட்டி முடித்தபின் இடம் தேடுவதைவிட எளிது.